பழைய மாஸி 35-க்குக் கலப்பைப் பாகங்களை நாமே அடித்துக்கொள்ளலாமா?

பண்ருட்டிச் செம்மண்: அப்பா காலத்து மாஸி பெர்குசன் 35 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. அதன் இறக்கைக் கலப்பையில்தான் (மண்ணைப் புரட்டிப் போடுவது) சிக்கல். மண்ணைக் கிழிக்கும் கொழு மழுங்கிவிட்டது, டாப் லிங்க் (கலப்பையின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாட்டும் கொம்பிலும் விரிசல். கடையில் கேட்டால், "ரோட்டவேட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொழுவும், அரை அங்குலத் தகட்டில் கொம்பும் வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். கோடை உழவுக்குள் முடிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாகூர் ஏரிக்கரை: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. சாதாரணத் தகட்டில் கொழு அடித்தால் உங்கள் ஊர்ச் செம்மண் அதை அரம் போல ராவிவிடும். லாரிப் பட்டை கரி கூடிய எஃகு, தேய்மானம் தாங்கும். நான் மூன்று முறை அடித்து ஓட்டியிருக்கிறேன்.

வில்லியனூர் லேத்: பட்டை நல்ல இரும்புதான். அதை எப்படிக் கெடுப்பது என்பதை என் பட்டறைக்கு வரும் உடைசல்களைப் பார்த்துத்தான் கற்றேன். சாதாரண வெல்டிங் குச்சியால் பற்றவைத்து, சூடு தணியட்டும் என்று ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார்கள். பற்றவைத்த கோட்டை ஒட்டி மயிரிழை விரிசல் ஓடும். முதல் சாலிலேயே கொழு இரண்டாகும். பல ஆண்டு லாரியில் குதித்த பட்டைக்குள் ஏற்கெனவே விரிசல் இருக்கலாம் என்பது தனிக் கதை.

பாகூர் ஏரிக்கரை: பற்றவைக்கச் சொன்னது யார்? போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். பட்டையைச் செக்கச்செவேல் என்று பழுக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு விட்டால் காலையில் துளை போடும் அளவுக்கு மெதுவாகிவிடும். வடிவம் அடித்த பிறகு மறுபடி காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாத நிலை வந்து, அதற்கு மேலும் சற்றுச் சூடேறியதும் எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். தண்ணீரில் போட்டால் கண்ணாடி போல நொறுங்கும். பிறகு லேசாகச் சுட்டு, நீலம் தலைகாட்டும்போது நிறுத்த வேண்டும். இதைத்தான் எங்கள் ஊர்க் கொல்லர் தோய்ச்சல் என்பார். அவருக்கு வெப்பமானி எதுவும் தேவைப்பட்டதில்லை.

வில்லியனூர் லேத்: சரி, கொழுவை உங்களுக்கே விட்டுத்தருகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முனை அடிப்பக்கமாக மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் கலப்பை மண்ணில் இறங்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுபவரோ கலப்பையை ஏற்றி இறக்கும் லிஃப்ட் கெட்டுவிட்டது என்று என்னிடம் வருவார்.

கொம்பைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாகூர் ஏரிக்கரை: கொம்பு என்ன ராக்கெட்டா? இரண்டு தகடு, நான்கு துளை.

வில்லியனூர் லேத்: அந்த நான்கு துளைதான் ஐயா இந்த வண்டியின் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஹாரி பெர்குசன் கண்டுபிடித்ததே அதைத்தான். 1946-இல் வந்த அவருடைய டிஇ 20 டிராக்டரில் இருந்த அதே ஏற்பாடு 35-இலும் இருக்கிறது. கலப்பை கடின மண்ணில் மோதினால் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அப்போது டாப் லிங்க் வண்டியை நோக்கி அழுத்தி, வண்டியின் பின்னால் உள்ள சுருள்வில்லை நசுக்கும். சுருள் நசுங்கியதும் லிஃப்ட் கலப்பையைச் சற்றே தூக்கும். பாரம் பின் சக்கரத்தில் ஏறும், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் மண்ணைப் பிடிக்கும்.

கீழ் பின்களுக்கும் மேல் பின்னுக்கும் இடையே உயரம் 460 மில்லிமீட்டர். தகடு மிஞ்சியது என்று கொம்பை உயரமாக்கினால் அதே இழுவைக்குச் சுருளில் விழும் அழுத்தம் குறையும். கலப்பை ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும், சக்கரம் நின்ற இடத்தில் குழி தோண்டும். குட்டையாக்கினால் தொட்டதற்கெல்லாம் துள்ளும். தூக்கிக்கொண்டு சாலையில் போகும்போதோ மொத்தக் கலப்பையும் அந்த மேல் பின்னைத்தான் இழுத்துக்கொண்டு தொங்குகிறது. அங்கே விரிசல் என்றால் பின்னால் சைக்கிளில் வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுமன்னார்கோவில் களி: எங்கள் களியில் இறக்கைக் கலப்பையே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து கொத்துக் கலப்பை (கல்டிவேட்டர்) வாங்கிவிட்டுத் தூங்கப் போங்கள்.

பண்ருட்டிச் செம்மண்: அண்ணா, எங்களுக்குக் களி இல்லை, வேர்தான் தொல்லை. 2011 டிசம்பர் தானே புயலில் சாய்ந்த முந்திரிகளின் கட்டைகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. போன கோடையில் ஒரு வேரில் மாட்டிக் கொழுத் தண்டில் உள்ள வெட்டு போல்ட் நான்கு முறை அறுந்தது. இந்த முறை தலையில் 8.8 என்று போட்ட கெட்டியான போல்ட்டாக மாட்டிவிடலாம் என்று வாங்கி வைத்துவிட்டேன்.

வில்லியனூர் லேத்: அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்! நான்கு முறை அறுந்தது என்றால் நான்கு முறை உங்கள் வண்டியைக் காப்பாற்றியது என்று அர்த்தம். அது அறுவதற்காகவே போட்டது. இருந்தது வலுக் குறைந்த 4.6 தரம் என்றால் 4.6-தான் போட வேண்டும். அதைவிடக் கெட்டியான போல்ட் போட்டால் அடுத்து முறிவது தண்டோ, கொம்போ. இந்த வயதில் அந்த வண்டிக்கு அது தேவையா?

பாகூர் ஏரிக்கரை: போல்ட் விஷயத்தில் லேத்காரர் சொல்வது சரி. கொம்பு விஷயத்தில் இன்னும் ஒப்பவில்லை. பழையதை மேலே வைத்துக் குறித்து வெட்டினால் என்ன தப்பு?

வில்லியனூர் லேத்: பழையது வளைந்திருந்தால் வளைவையும் சேர்த்துத்தானே நகல் எடுப்பீர்கள்?

பண்ருட்டிச் செம்மண்: இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன். பழைய கொம்பு ஒரு பக்கம் 460, மறுபக்கம் 448. துளைகள் வேறு முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கின்றன. 19 மில்லிமீட்டர் பின் உள்ளே ஆடுகிறது. கொம்புக்கான தகட்டோடு சனிக்கிழமை வில்லியனூர் வருகிறேன் அண்ணா. கொழுவை நானே அடிக்கிறேன். பாகூர் ஐயா, நெல் அரைவை இயந்திரம் எங்கள் பக்கம் இல்லை, உமிக்கு எங்கே போவேன்?

பாகூர் ஏரிக்கரை: வில்லியனூர் வரை வருகிறவர் பாகூருக்கும் வந்துவிட்டுப் போங்கள். இரண்டு மூட்டை கட்டி வைக்கிறேன். அப்படியே அந்தக் கொம்பையும் காட்டுங்கள், 448 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.