புதிய குதிரைக்குப் பழைய சேணம் பொருந்துமா?

கேள்வி: அண்மையில் வாங்கிய குதிரைக்குப் பழைய குதிரையின் சேணத்தைப் பூட்டினால், அது காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு விலகுகிறது, தடித்த விரிப்பு போட்டால் சரியாகுமா?

பதில் 1: சேணம் குறுகலாக இருந்தால், தடித்த விரிப்பு அதை மேலும் இறுக்கவே செய்யும். விரிப்பில்லாமல் சேணத்தை வைத்து, தோள்களுக்கு நடுவே உயரும் மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைகின்றனவா, தோள்பட்டை தடையின்றி அசைகிறதா, சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஆள் ஏறிய பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். பலர் இதைச் சோதிப்பதே இல்லை.

பதில் 2: சவாரிக்குப் பின், வியர்வை நனைத்த பரப்பின் நடுவே சிறு உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் மிகுதியோ என்று ஐயுறலாம்.

பதில் 3: வேறு சேணம் வாங்குமுன் முதுகைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; வலி ஏற்கெனவே இருந்தால், நல்ல சேணத்தையும் குதிரை வெறுக்கும்.