100-ல் 2900 ஆர்பிஎம்: ஐந்தாவது கியரை இப்படிக் கொடுத்தது சரியா?

வைகைக்கரை:
போன வாரம் ஆடி வெள்ளிக்காகக் குடும்பத்தோடு மதுரையிலிருந்து நாகர்கோவில் போய் வந்தேன். வண்டி 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர். மீட்டர் 100 காட்டும்போது ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 2900. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனதில், இல்லாத ஆறாவது கியரைத் தேடி இரண்டு தடவை கை லீவருக்குப் போய்விட்டது. மச்சானின் 1.3 டீசல் அதே 100-ல் 2200 பக்கம்தான் சுற்றுகிறது. நமக்கும் டாப் கியர் ரேஷியோவை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று என்ற கணக்கு) கொஞ்சம் குறைத்து 2400-க்குக் கொண்டுவந்திருந்தால் என்ன? பெட்ரோலும் மிச்சம், இன்ஜினும் நாள்பட உழைக்கும். இது கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம் என்பது என் கட்சி.

பழைய 800:
நாலு கியர், 12 அங்குலச் சக்கரம் உள்ள மாருதி 800-ல் சென்னை வரை போய் வந்தவன் நான். 2900 சத்தமா? பாட்டைக் கூட்டி வையுங்கள் தம்பி.

இளநீர்கடை:
சத்தத்தை விடுங்கள், வைகை சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியில் த்ராட்டில் தட்டு குறுக்கே நிற்கிறது. லேசாக மிதித்துக்கொண்டு அதிகச் சுற்றில் ஓட்டுவது, நசுங்கிய ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது மாதிரி. உறிஞ்சுவதிலேயே தெம்பு போகும். அதே வேலையை 2400-ல் வாங்கினால் தட்டு இன்னும் திறக்கும், அந்தப் பாடு குறையும். பிஸ்டன், பேரிங் உராய்வும் சுற்று கூடக் கூடக் கூடுவதுதான். இதில் விவாதிக்கவே ஒன்றுமில்லை.

கியர்பெட்டி:
ஒன்றுமில்லையா? பட்டறையில் இருப்பவன், கணக்காகவே சொல்கிறேன்.

டயர் 165/80 ஆர்14 என்றால் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 1667 மீட்டர் போகிறது, சக்கரம் 855 சுற்று சுற்றுகிறது. 2900-ஐ அதால் வகுத்தால் 3.4. ஐந்தாவது கியரும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து கொடுக்கும் ரேஷியோ அது. 2400 வேண்டுமென்றால் 2.8 ஆக்க வேண்டும். கியர் பல்லை மாற்றினால் ஆகிவிடும். அப்புறம் வழியில் ஒரு மேம்பாலம் வரும்.

நாலு பேர், பெட்டி எல்லாம் சேர்த்து வண்டி 1200 கிலோ. பாலத்தின் சரிவு முப்பதுக்கு ஒன்று என்று வையுங்கள். 1200-ஐ 30-ஆல் வகுத்தால் 40. அதாவது 40 கிலோ எடை பின்னால் தொங்கி இழுக்கிற மாதிரி. விநாடிக்கு 27.8 மீட்டர் வேகத்தில் அதை இழுத்துக்கொண்டு ஏற 15 குதிரைத்திறன் வேண்டும். சமதளத்தில் காற்றையும் டயரையும் சமாளிக்கவே 17 போகிறது. ஏசிக்கு மூன்று. ஆக 35. இந்த இன்ஜினின் உச்ச டார்க்கே (முறுக்குவிசை) 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000-க்கு மேலேதான். 2400-ல் 100 கிடைக்கும் என்று தாராளமாக வைத்தாலும் வருவது 34 குதிரைத்திறன். மிதியைத் தரையோடு அழுத்தியும் வேகம் இறங்கும். 2900-ல் 42, 43 கிடைக்கும், பாலம் ஏறியதே தெரியாது.

மச்சான் வண்டியை இதோடு சேர்க்காதீர்கள். அந்த 1.3 டீசல் 2000-லேயே 190 நியூட்டன் மீட்டர் கொடுப்பது. அதற்கு 2200 போதும், உங்களுக்குப் போதாது.

இளநீர்கடை:
பாலம் வந்தால் நாலாவதுக்கு இறக்குங்கள் அண்ணே. கியர் வேறு எதற்கு? அரை நிமிட ஏற்றத்துக்காக மீதி இருநூறு சொச்சம் கிலோமீட்டரும் கூடுதல் சுற்றில் ஓட வேண்டுமா?

கியர்பெட்டி:
யார் இறக்குகிறார்கள்? நம் ஆட்கள் டாப் கியர் போட்டுவிட்டால் டோல்கேட் வரும்வரை கை அந்தப் பக்கம் போகாது. கியர் குறைப்பது கௌரவக் குறைச்சல்! 40-ல் ஐந்தாவதில் ஓட்டிவிட்டு, "வண்டி நடுங்குது, இன்ஜின் அடிக்குது" என்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். குறைந்த சுற்றில் முழுசாக மிதித்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இன்ஜின் தட்டும். ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டு இன்ஜினைக் காப்பாற்றும், ஆனால் இழுவை போய்விடும். பேரிங்குக்கு நடுவே ஆயில் படலம் நிற்பதே சுழற்சியால்தான். சுமை கூடிச் சுற்று குறைந்தால் படலம் மெலியும்.

2900-ல் ஆயுள் குறையும் என்பதும் வீண் பயம். உங்கள் வண்டி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை மேலிருந்து கீழே போகும் தூரம்) 71.5 மி.மீ. என்றால், 2900-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 7 மீட்டர்கூட இல்லை. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பழைய 350 சிசி புல்லட்டில் 4000-ல் அது 12.

இளநீர்கடை:
ஆயுள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மைலேஜ் விஷயத்தில் இல்லை. ஓட்டத் தெரியாதவனுக்காக ரேஷியோவை முடிவுசெய்தால், தெரிந்தவன் ஏன் பெட்ரோல் காசு கொடுக்க வேண்டும்? ஐந்தை அப்படியே வைத்துவிட்டு ஆறாவதாக 2.8-ஐக் கொடுக்கட்டுமே.

கியர்பெட்டி:
கொடுக்கலாம், விலையும் கூடும். 1500-லேயே 172 நியூட்டன் மீட்டர் வரும் 1.0 டர்போ பெட்ரோலுக்கு ஆறாவது கியர் உபயோகப்படும். இந்த 1.2-க்குக் கொடுத்தால், ஏசி போட்டுக் குடும்பத்தோடு போகும்போது ஐந்துக்கும் ஆறுக்கும் மாற்றி மாற்றியே கை வலித்துப்போகும்.

காற்றாடிப்பாறை:
ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கத்துக்காரன் பேசுகிறேன். ஏற்றமே வேண்டாம். ஆடியில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் பக்கம் திரும்பிப் பாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். 80-ல் போனாலே ஐந்தாவது முனகும், நாலாவதுக்கு இறக்கித்தான் ஓட்டுவேன். இதில் ஆறாவது கியர் கேட்கிறார் வைகை!

வைகைக்கரை:
உண்மைதான், அங்கே நானும் இறக்கினேன். ஆனால் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திரும்பும்போது நாகர்கோவிலில் ஃபுல் டேங்க் போட்டு, மதுரை வரை 85-ஐத் தாண்டாமல் வந்தேன். போகும்போது லிட்டருக்கு 17 கிடைத்தது, வரும்போது 20-ஐத் தொட்டுவிட்டது.

இளநீர்கடை:
85-ல் உங்கள் ஆர்பிஎம் 2465. நான் கேட்ட 2400 கிட்டத்தட்ட வந்துவிட்டது பாருங்கள்!

கியர்பெட்டி:
பல்லை மாற்றாமலேயே வந்துவிட்டது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மூன்று கிலோமீட்டரில் பெரும்பங்கு காற்றுக்குச் சேரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது, 100-ல் இருந்ததில் 72 சதவீதம்தான் 85-ல் இருக்கும். சுற்று குறைந்ததால் என்ன மிச்சம் என்று பார்க்க வேண்டுமானால் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். 70-ல் ஒரு தடவை ஐந்தாவதில், ஒரு தடவை நாலாவதில்.

பழைய 800:
மீட்டரை நம்பியா எல்லாக் கணக்கும்? மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஜிபிஎஸ் வைத்துப் பாருங்கள், உங்கள் 100 தொண்ணூற்றுச் சொச்சமாகத்தான் இருக்கும்.

காற்றாடிப்பாறை:
அது இருக்கட்டும். வரும்போது எங்கள் கணவாய்க் காற்று உங்களுக்கு முதுகில் அல்லவா தள்ளியிருக்கும்? அதை யார் கணக்கில் எழுதப்போகிறீர்கள்?

வைகைக்கரை:
அதை நான் யோசிக்கவே இல்லை. ஐப்பசியில் மறுபடி ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. 70-ல் இரண்டு கியரிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும்.