ஃபோர் வீல் விளக்கு மினுக்குகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை

எண்ணூர்_மணல்:
2010 மாடல் டீசல் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீலுக்குத் தனி லிவர் கிடையாது, டேஷ்போர்டில் திருகுகிற ஸ்விட்ச். நெட்டுக்குப்பத்தில் மாமாவின் ஃபைபர் படகைக் கரைக்கு இழுக்கத்தான் வண்டியே வைத்திருக்கிறோம். போன மழையில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றது. அப்புறம் ஃபோர் ஹைக்கு (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்) திருப்பினால் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்கு மினுக்குகிறது, அவ்வளவுதான். பின் சக்கரம் மணலில் குழி தோண்டுகிறது. பியூஸ் சரி, பேட்டரி புதிது. ஃபோர் வீலை இயக்குகிற கன்ட்ரோல் யூனிட்டின் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றி மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட் வருகிறது. மெக்கானிக் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடவா?

தண்டையார்பேட்டை_78:
காசை உள்ளே வையுங்க தம்பி. யூனிட்டைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ராயபுரம்_வயரிங்:
அந்த 12.4ஐ நம்பாதீங்க. மீட்டர் கரண்டே இழுக்காது. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் முழு வோல்ட் காட்டும். ஃபோர் வீல் கியரைத் தள்ளுகிற மோட்டார் இழுக்கும்போதுதான் வேஷம் கலையும்: வோல்ட் சரிந்து, மோட்டார் பாதியில் நிற்கும். கியர் போய்ச் சேர்ந்ததாக சென்சார் சொல்லாது, விளக்கு மினுக்கும்.

பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று எடுங்க. 55 வாட், நாலரை ஆம்பியர் போல இழுக்கும். சாவியைப் போட்டு, கழற்றிய கப்ளரின் சப்ளை வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் கொடுங்க. மங்கலாக எரிந்தால், எர்த் வயரில் வைத்த பல்பின் காலை மட்டும் எடுத்துப் பேட்டரி நெகட்டிவில் வையுங்க. பளிச்சென்றால் எர்த் பக்கம் கோளாறு. அப்பவும் மங்கலென்றால் சப்ளை பக்கம் தேடணும்.

எண்ணூர்_மணல்:
அண்ணே, கப்ளரில் பீடி நெருப்பு மாதிரி எரிந்தது. பேட்டரி நெகட்டிவில் வைத்ததும் கண்ணைக் கூசியது!

ராயபுரம்_வயரிங்:
அப்போ எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போங்க. சேஸிஸில் போல்ட் போட்ட இடத்தைக் கழற்றிப் பாருங்க. வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் திம்பிளுக்கு (வயர் நுனியில் அடிக்கிற உலோக வளையம்) பக்கத்தில் வயரை அழுத்துங்க, நொறுநொறு என்றால் உள்ளே பச்சை பூத்திருக்கிறது. கடற்கரை வண்டிக்கு இதுதான் வியாதி. நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி, புது திம்பிள் அடித்து, சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி இறுக்குங்க. மேலே வாசலின் தடவுங்க.

எண்ணூர்_மணல்:
நாலு விரற்கடை வெட்டிய பிறகுதான் செம்பு தெரிந்தது. இப்போ ஃபோர் ஹை உடனே விழுகிறது, விளக்கு நிலையாக எரிகிறது. ஆனால் ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவிசையோடு போகிற கியர்) விழவில்லை.

தண்டையார்பேட்டை_78:
ஓடிக்கொண்டே போட்டீங்களா? லோவுக்கு வண்டி நிற்கணும், கிளட்சை முழுசாக மிதிக்கணும். அப்பவும் விழாவிட்டால் கிளட்ச் மிதியின் ஸ்விட்சைப் பாருங்க, அதுவும் தண்ணீர் குடித்திருக்கும்.

எண்ணூர்_மணல்:
நிறுத்திப் போட்டேன், விழுந்தது. இன்னொன்று: ஃபோர் ஹையில் சோதித்துப் பார்க்க டோல்கேட் வரை போனேன். திருப்பத்தில் ஸ்டீரிங் இறுகியது. இப்போ டூவுக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்க) மாற்றினாலும் விளக்கு அணையவில்லை. மறுபடி எர்த்தா?

ராயபுரம்_வயரிங்:
ஐயோ, காய்ந்த தார் ரோட்டிலா! திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே அளவு சுற்றாது, டயர் வழுக்கவும் இடமில்லை. உள்ளே முறுக்கிக்கொண்டு கியர் விடாது. ஸ்விட்சை டூவில் வைத்து நேராகப் பத்தடி பின்னால் எடுங்க.

எண்ணூர்_மணல்:
அணைந்துவிட்டது அண்ணே. இனிமேல் மணலில் மட்டும்தான்.