நீதிபதி பிராங்க் ஜான்சன் தம் வரம்பை மீறினாரா?

தராசு:
அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1955 முதல் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக இருந்த பிராங்க் ஜான்சனை, இனப்பாகுபாட்டை எதிர்த்தவராக மட்டுமே பலரும் எழுதுகிறார்கள். மான்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பிரித்து அமர்த்திய சட்டம் செல்லாது என்று 1956-இல் மூவர் அமர்வின் பெரும்பான்மையோடு நின்று அவர் அளித்த தீர்ப்பை நானும் மதிக்கிறேன். ஆனால், 1970-களில் மனநல மருத்துவமனைகளில் எத்தனை பணியாளர் வேண்டும், சிறை அறை எத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே வகுத்தது சட்டமன்றத்தின் வேலையைப் பறித்ததாகும். வரி விதிப்பவர்களே செலவையும் முடிவு செய்ய வேண்டும்.

நெய்தல்:
அந்தச் சட்டமன்றம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள், தராசு அவர்களே. அலபாமாவின் டஸ்கலூசா நகரிலுள்ள பிரைஸ் மனநல மருத்துவமனையில் ஐயாயிரம் பேர் அடைந்து கிடந்தபோது, மனநலத் துறைக்கான சிகரெட் வரி வருவாய் குறைந்ததைக் காரணம் காட்டி 1970-இல் ஏறத்தாழ நூறு ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். மனநல மருத்துவமனைகளின் நிலை குறித்து ஜான்சன் விசாரித்த வயாட் வழக்கு அதிலிருந்தே பிறந்தது. குற்றம் எதுவும் செய்யாத ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்துவிட்டுச் சிகிச்சையும் தராமலிருக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை என்பதே 1971 தீர்ப்பின் சாரம். ஜான்சன் உடனே எதையும் திணிக்கவில்லை. அரசுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார், அது வீணான பின்னரே 1972-இல் குறைந்தபட்சத் தரங்களை விதித்தார், அவற்றுள் பலவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை.

தராசு:
அலபாமா சிறைகளின் நிலை குறித்த வழக்கில், தம் உத்தரவுகள் நிறைவேறுவதைக் கண்காணிக்க அவர் அமைத்த 39 பேர் கொண்ட மனித உரிமைக் குழுவை மேல்முறையீட்டு நீதிமன்றமே 1977-இல் கலைத்ததே! வரம்பு மீறல் என்பது என் கற்பனையன்று.

நெய்தல்:
குழுவைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. எனினும், சிறைகளின் நிலை அரசமைப்புக்கு முரணானது என்பதை விசாரணையின்போது அரசின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். கைதிகளுக்கும் மனநோயாளிகளுக்கும் வாக்குவங்கி கிடையாது. இனப்பிரிவினையைப் பேசியே ஆளுநரான ஜார்ஜ் வாலஸின் மாநிலத்தில் அவர்களுக்காக எந்த வேட்பாளர் வாதாடியிருப்பார்? தேர்தலுக்கு அஞ்சத் தேவையில்லாத ஆயுட்காலப் பதவியைக் கூட்டாட்சி நீதிபதிக்குக் கொடுத்திருப்பதே இத்தகையோருக்காகத்தான். அதற்கு ஜான்சன் விலையும் கொடுத்தார்: 1967-இல் அவருடைய தாயாரின் வீட்டில் குண்டு வெடித்தது.

தராசு:
அவருடைய துணிவை நான் மறுக்கவில்லை. ஆனால் வயாட் வழக்கு முடிந்தது 2003-இல், அதாவது 1999-இல் ஜான்சன் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து. ஒரு மாநிலத் துறை இத்தனைக் காலம் நீதிமன்றக் கண்காணிப்பில் இருப்பதை இயல்பான மக்களாட்சி என்று என்னால் ஏற்க முடியாது.

நெய்தல்:
அந்தக் காலநீட்டிப்புக்குத் தரங்களை எழுதியவரைவிட, அவற்றை நிறைவேற்றத் தயங்கிய மாநில அரசுகளே பொறுப்பு.