முட்டி மாற்று ஆபரேஷன்: ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி போடலாமா?

மதுரைப்பொண்ணு
அம்மாவுக்கு 67 வயது, அடுத்த மாதம் வலது முட்டி மாற்று ஆபரேஷன். ஹீமோகுளோபின் 10.2. பெரியம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை. இப்போது டாக்டர், டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு ஊசி போட்டுவிடுவோம், அநேகமாக ரத்தம் ஏற்ற வேண்டி வராது என்கிறார். தேடிப் பார்த்தால் அது மாதவிடாயில் அதிகம் போனால் கொடுக்கிற மருந்தாம்! அம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு இதய ரத்தக் குழாயில் அடைப்பை விரிக்க ஸ்டென்ட் வைத்தது. ரத்தம் உறையாமல் இருக்க தினம் மாத்திரை போடுகிறவருக்கு இதைப் போடலாமா?

மயக்கமருந்துக்காரன்
அதே மருந்துதான். 1960களில் ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்தது, பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற தாய்மாரை நினைத்து. இது புதிதாக ரத்தத்தை உறைய வைக்காது. வெட்டிய இடத்தில் உடம்பே ரத்தத்தை உறைய வைக்கும், கையோடு பிளாஸ்மின் என்கிற நொதி அந்த உறைவைக் கரைக்கவும் ஆரம்பிக்கும். அந்தக் கரைப்பைத்தான் மருந்து தடுக்கிறது. முட்டியில் தையல் போட்ட பிறகும் உள்ளுக்குள் நிறைய கசியும், அதனால் இங்கே நன்றாக வேலை செய்கிறது. வழக்கமாக ஒரு கிராம், தோலைக் கீறுவதற்கு முன்னால், மெதுவாக நரம்பில் ஏற்றுவோம். வேகமாகத் தள்ளினால் பிரஷர் இறங்கும். சில சர்ஜன்கள் மூட்டுக்குள்ளேயே ஊற்றுவார்கள்.

ஸ்டென்ட் பற்றி: இதயம் அல்லாத ஆபரேஷன்களில் இந்த மருந்தைச் சோதித்து 2022இல் வந்த பாய்ஸ்-3 ஆய்வில், இதயப் பிரச்சினை வரும் ஆபத்து உள்ள 9,535 பேர். பெரிய ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து போட்டவர்களில் 14.2, போடாதவர்களில் 13.9. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஆபத்து கொஞ்சமும் அதிகரிக்காது என்று அடித்துச் சொல்லவும் அந்த ஆய்வால் முடியவில்லை. மயக்கமருந்து டாக்டரிடம் ஸ்டென்ட் விஷயத்தை முதல் வேலையாகச் சொல்லுங்கள். வலிப்பு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

கோவை ராசு
அப்பாவுக்குப் போட்டார்கள், ஒரு சொட்டு ரத்தம் ஏற்றவில்லை. ஆனால் அவருக்கு சிறுநீரகம் கொஞ்சம் வீக், மருந்து சிறுநீரில்தான் வெளியேறுமாம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து மருந்தைக் குறைத்தார்கள். நாங்களாகக் கேட்டதால் ரிப்போர்ட்டைப் புரட்டினார்கள், இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ.

வார்டுசிஸ்டர்
எல்லாரும் ஊசியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஹீமோகுளோபின் 10.2 என்று குறைவாக இருப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லையே அக்கா! ஒரு மாதம் கையில் இருக்கிறது. உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து குறைவென்றால் மாத்திரையோ டிரிப்போ இப்போதே ஆரம்பிக்கலாம். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மதுரைப்பொண்ணு
பீரோவைக் குடைந்து பழைய ஃபைலை எடுத்துவிட்டேன், கிரியாட்டினின் 1.4 என்று இருக்கிறது, போன வருடத்தது. நாளைக்கு ஃபெரிட்டினோடு சேர்த்து அதையும் புதிதாக எடுக்கப் போகிறோம்.