எரிபொருளை மாற்றிக் காட்டும் எஞ்சின் காணொளிகளை விஞ்ஞானப் பாடமாக்குவது எப்படி?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஒரு தாய்

வணக்கம். உடல்நலக் காரணத்தால் பன்னிரண்டு வயது மகனுக்கு ஒன்றரை வருடமாக நானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தமிழும் கணிதமும் சிரமமில்லை, விஞ்ஞானந்தான் இடிக்கிறது. அவனோ, சிறிய எஞ்சினின் மேற்பகுதியைக் கழற்றி ஒளிபுகும் மூடியைப் பொருத்தி, உள்ளே எரிபொருள் எரிவதை மெதுவாக்கிக் காட்டும் காணொளிகளை மணிக்கணக்கில் பார்க்கிறான். உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்று நான்கு அடிப்புகளையும் ஒப்புவிக்கிறான். ஆனால் ஒரு காணொளியில் பெற்றோலுக்குப் பதிலாக மதுசாரத்தை ஊற்றியதும் எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது ஏன் என்று கேட்டால், "மதுசாரம் சரியாக எரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறான். எனக்கும் விடை தெரியவில்லை. எங்களுடையது லயத்து வீடு. சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருப்பதால் பெற்றோலைத் தொட விடப்போவதில்லை. பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் கற்பிக்கலாம்?

பதில்: பண்டாரவளை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

சகோதரி, மதுசாரம் நன்றாகவே எரியும். ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். மதுசாரமான எதனோலுக்கு ஒரு கிராமுக்கு 9 கிராம் போதும், ஏனெனில் அதன் மூலக்கூறிலேயே ஒட்சிசன் இருக்கிறது. அப்படியானால் அதே அளவு வளிக்கு எதனோல் கூடுதலாகத் தேவை. எரிபொருளை வளியோடு கலந்து அனுப்பும் காபரேற்றரின் துளையோ பெற்றோலுக்கு அளந்து வைத்தது. எஞ்சின் பட்டினியால் நின்றது.

இதை நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம். எரிபொருளை ஊற்றும் இடத்தில் காணொளியை நிறுத்தி, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று இரண்டு வரி கொப்பியில் எழுதிய பிறகே தொடர விடுங்கள். எழுதியது பிழையானால் அதை அழிக்க விடாதீர்கள்; பக்கத்தில் தேதியைப் போட்டு, காரணத்தைக் கீழே எழுதச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஒரு காணொளி போதும்.

பதில்: நுவரெலியா, மோட்டார் சைக்கிள் திருத்துநர்

ஐயா சொன்னதற்கு நேர்மாறானதை நான் இங்கே அடிக்கடி பார்க்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேற்றர் வண்டி இங்கு வந்தால், உருளைக்குள் போகும் வளி குறைகிறது, பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. மிதமிஞ்சிய பெற்றோல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது. எரிபொருளைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றினால் பால் தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய முனை, விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாக இருக்கும். உங்கள் ஊர்க் கராஜில் கழித்துப் போட்ட பிளக்குகள் நாலைந்து கேட்டு வாங்கிக் கொடுங்கள். பெற்றோல் இல்லாமலே ஒரு பாடம் கையில் இருக்கும். உணரி பொருத்திய புது வண்டிகள் வளிக்கேற்பப் பெற்றோலைத் தாமே குறைத்துக்கொள்வதால் அவற்றில் இது அவ்வளவாகத் தெரியாது.

பதில்: நானுஓயா, இரண்டு பிள்ளைகளின் தந்தை

எழுதி வைக்கும் முறை நல்லதுதான்; ஆனால் எல்லாக் காணொளிக்கும் கொப்பியை நீட்டினால் பிள்ளை வெறுத்துவிடுவான் என்பது என் அனுபவம். நான் வாரத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

டீசலுக்கு பிளக் எதற்கு இல்லை என்பதைச் சைக்கிள் பம்பு காட்டிவிடும். வாயைப் பெருவிரலால் அடைத்து இருபது முறை வேகமாக அழுத்தினால் பம்பின் அடிப்பாகம் சூடாகும். டீசல் எஞ்சின் வளியை 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கி 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்குவதால், பீய்ச்சிய டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பிறகு புகையிரத நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மலையகப் பாதையில் ஏறும் எம்6 வகைப் புகையிரத இயந்திரத்தில் இருப்பது இரண்டே அடிப்பில் வேலை செய்யும் டீசல் எஞ்சின். நான்கு அடிப்பை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அது நல்ல அடி!

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கராஜில் ஆறு பிளக்குகள் தந்தார்கள், கரி படிந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, நேற்று இரவு இப்படிக் கேட்டான்: "நுவரெலியாவில் பெற்றோல் மிஞ்சுகிறது, மதுசாரத்துக்கு எரிபொருள் போதவில்லை, அப்படியென்றால் நுவரெலியாவில் மதுசாரம் ஊற்றினால் எஞ்சின் ஓடுமா?" என்ன சொல்வது?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

ஒன்றும் சொல்ல வேண்டாம். 14.7-ஐ 9-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மதுசாரத்துக்கு எத்தனை மடங்கு தேவை என்பது வரும். ஐந்தில் ஒரு பங்கு வளி குறைந்தால் அந்தப் பள்ளம் நிரம்புமா என்பதை அவனே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். விடையை இங்கே எழுதுங்கள்.