பெண் எழுதிய நாவலை ஆண்கள் எடுக்கத் தயங்குகிறார்களா?

காட்பாடிக்காரி:
வேலூர் புத்தகத் திருவிழாவில் ஒரு ஸ்டாலில் விற்பனைக்கு உதவியாக நின்றிருந்தேன். ஒருவர் ஒரு நாவலை எடுத்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. பின்னட்டையைத் திருப்பினார், எழுதியவரின் படம் இருந்தது. "லேடீஸ் எழுதினதாம்மா? வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுவரை அவருக்கான கதை, படத்தைப் பார்த்ததும் மனைவிக்கான கதையாகிவிட்டது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது நாம் எதை எடுக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்றே சொல்வேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

வாலாஜா வாசகன்:
ஒரே ஒரு ஆளை வைத்து முடிவு கட்டாதீங்க மேடம். பெண் பெயரைக் கண்டால் ஆண்கள் ஒதுங்குவார்கள் என்றால் சுஜாதா எப்படி இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தார்? அட்டையில் இருந்தது அவர் மனைவி பெயர்தானே. எங்கள் பக்கம் மு.வ.வைத் தேடி எடுத்தோம் என்றால், அவர் வேலத்துக்காரர், நம்ம ஊர்ப் பிள்ளை என்ற பாசம். ஆண் என்பதற்காக இல்லை. ஊர், விலை, கிளை நூலகத்தில் கிடைக்கிறதா என்பது, இவைதான் முதலில்.

காட்பாடிக்காரி:
சுஜாதா உங்கள் வாதத்துக்கு உதவமாட்டார் சார். அவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். ரா.கி.ரங்கராஜன் என்ற எழுத்தாளர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால், குழப்பம் வராமலிருக்க மனைவி பெயரை வைத்துக்கொண்டார். அவர் ஆண் என்பது வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். தன் பெயரை மறைத்தால்தான் மதிப்பார்கள் என்ற நிலை பெண்களுக்குத்தான் வந்தது. ஆங்கில நாவலாசிரியை மேரி ஆன் எவன்ஸ், ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயருக்கு மாறினார். ஆங்கில எழுத்தாளர்களான பிராண்ட்டி சகோதரிகள் மூவரும் 1846-இல் கவிதைத் தொகுப்பை பெல் என்ற புனைபெயரில்தான் கொண்டுவந்தார்கள். அது பழங்காலம் என்பீர்கள். 1997-இல் ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங்கின் முதல் நாவல் வந்தபோதும், பெண் பெயர் இருந்தால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பயந்து பதிப்பகம் வெறும் இனிஷியலைப் போடச் சொன்னது.

ஆம்பூரான்:
நான் நடுவில் வருகிறேன். எங்கள் பெரியப்பா ஆம்பூரில் வாடகை நூலகம் வைத்திருந்தார். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் பசங்க நேராகத் துப்பறியும் நாவல் ரேக்குக்குத்தான் போவார்கள். ரமணிசந்திரன் இருந்த குடும்ப நாவல் ரேக்குக்குப் பெண்கள் வருவார்கள், அல்லது பெண்களுக்காக யாராவது சீட்டு எடுத்து வருவார்கள். எனக்குத் தெரிந்து கதை வகைதான் காரணம், எழுதியவர் இல்லை.

காட்பாடிக்காரி:
அண்ணா, ராஜம் கிருஷ்ணன் எந்த ரேக்கில் இருந்தார்?

ஆம்பூரான்:
குடும்ப நாவலில்தான். இப்போது யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. கரிப்பு மணிகள் அங்கேதான் இருந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்கு உழைக்கிறவர்கள் கதை அது. தோல் வேலை, ஷூ வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பசங்களுக்கு அதைவிட நெருக்கமான நாவல் எது? அந்தப் பக்கமே அவர்கள் வந்ததில்லை.

வாலாஜா வாசகன்:
அப்படியானால் தப்பு அடுக்கினவர் மேல். வாசகன் கண்ணில் படாததை எப்படி எடுப்பான்?

காட்பாடிக்காரி:
அடுக்கியவர் அட்டையில் பெண் பெயரைப் பார்த்துத்தானே அங்கே வைத்தார்? பெரியவர்கள் கூடித் தேர்வு செய்யும் இடத்திலும் அதே கதை. சாகித்ய அகாடமி தமிழுக்கு 1955-இலிருந்து விருது தருகிறது. ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் கிடைத்தது 1973-இல், அதே ராஜம் கிருஷ்ணனுக்கு. அடுத்து லக்ஷ்மிக்கு 1984, திலகவதிக்கு 2005, அம்பைக்கு 2021. இடைவெளியைக் கவனியுங்கள்.

வாலாஜா வாசகன்:
விருதுக் குழு வேறு, காசு கொடுத்து வாங்குகிறவன் வேறு. அதில் நான் மாறவில்லை. பெண்கள் ஆண் எழுத்தாளர்களைத் தயங்காமல் படிக்கிறார்கள், அதற்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

காட்பாடிக்காரி:
அதுதான் சார் என் பதிலே. நாங்கள் இரண்டு ரேக்கிலும் எடுக்கிறோம். உங்கள் வீட்டு அலமாரியில் பெண்கள் எழுதியது எத்தனை என்று எண்ணி இங்கே போடுங்கள், பிறகு பேசலாம்.